அகத்தையும் புறத்தையும் ஒன்றாக வாழ்ந்தவர்: எட்வர்டு கார்ப்பெண்டரின் காதலும் அரசியலும்



தமிழ்ச் செய்யுள் மரபு மக்கள் வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுத்துக் கண்டது. காதல் அகத்தின்பாற்பட்டது, போரும் கொடையும் ஆட்சியும் புறத்தின்பாற்பட்டவை. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் சுட்டப்படாமையால் அக்காதல் எவர்க்கும் உரியதாகிறது என்று உரை கூறுவோர் உளர். பெயர் சுட்டாமை தமிழ்ப் புலவருக்கு அழகு பற்றிய நெறி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த சிலருக்கோ அது சட்டமும் அச்சமும் சுமத்திய கட்டாயமாக இருந்தது. ஆணை விரும்பிய ஆண் தன் துணைவரின் பெயரைச் சொன்னால் சிறை செல்ல நேரும் காலம் அது. அக்காலத்தில் தம் துணைவரோடு ஒரே கூரையின்கீழ் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, அவர் பெயரைத் தம் தன்வரலாற்றில் அச்சிட்டு வழங்கியவர் எட்வர்டு கார்ப்பெண்டர். அவருடைய காதல் நோக்கையும் அரசியல் நோக்கையும் அன்றாட வாழ்வின் வழியே காண்பது இவ்வுரையின் பொருள். தமிழர்க்கு அவர் முற்றிலும் அயலவரும் அல்லர். அத்தொடர்பு பின்னர் விளக்கப்பெறும்.

வாழ்வின் திருப்பம்

கார்ப்பெண்டர் 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் பிரைட்டனை அடுத்த ஹோவ் நகரில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் பயின்று, அங்கேயே பதவியும் பெற்றார். ஆங்கிலத் திருச்சபையின் குருவாகவும் ஆனார். உயர்குடிப் பிறப்பு, கல்லூரிப் பதவி, திருச்சபைப் பதவி என்னும் மூன்றும் அமைந்த ஒருவருக்கு வாழ்வில் குறையேதும் இராது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவ்வாழ்வில் அவர் மனம் பொருந்தவில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளைப் படித்தபோது, ஆண்களுக்கிடையேயான அன்பையும் எளிய மக்களின் ஆட்சியையும் ஒரே மூச்சில் பாடக் கூடும் என்பதை அவர் கண்டார். 1874-இல் குருப்பணியையும் கல்லூரிப் பதவியையும் துறந்து, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குச் சென்று, பல்கலைக்கழக விரிவாக்கத் திட்டத்தின்கீழ்ப் பொதுமக்களுக்குப் பாடம் நடத்தலானார். 1877-இல் அமெரிக்கா சென்று விட்மனை நேரிலும் கண்டார்.

1882-இல் தந்தை இறந்தபின் கிடைத்த பங்கைக் கொண்டு, ஷெஃபீல்டு நகருக்கு அண்மையில் மில்த்தார்ப் என்னும் சிற்றூரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். காய்கனி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பினார். காஷ்மீரத்திலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய செருப்பை மாதிரியாகக் கொண்டு, தாமே தோல் அறுத்துச் செருப்பு தைத்து விற்றார். 'மக்களாட்சியை நோக்கி' என்னும் அவருடைய நெடுங்கவிதை நூலின் முதற்பகுதி 1883-இல் வெளிவந்தது.

அன்றாடமே அரசியல்

கார்ப்பெண்டரின் பொதுவுடைமைக் கொள்கை ஏட்டளவில் நின்றதன்று. 1886-இல் ஷெஃபீல்டில் தோன்றிய சோசலிசச் சங்கத்தில் அவர் முன்னின்று உழைத்தார். மறு ஆண்டு அச்சங்கத்தினர் ஸ்காட்லாந்து தெருவில் 'காமன்வெல்த் கஃபே' என்ற பெயரில் ஒரு சிற்றுண்டிச் சாலையைத் திறந்தனர். அங்கே தேநீரும் கிடைத்தது, சொற்பொழிவும் கிடைத்தது. சேரியின் ஏழைக் குழந்தைகளுக்கு விருந்தும் நடந்தது. ஷெஃபீல்டின் ஆலைப்புகை மக்களின் மூச்சை அடைப்பதைக் கண்டித்து 1889-இல் அவர் எழுதினார். சிறைச் சீர்திருத்தம், பெண்கள் வாக்குரிமை, விலங்குகளை உயிரோடு அறுத்து ஆராய்வதற்கு எதிர்ப்பு, போர் எதிர்ப்பு என அவர் கை வைக்காத துறை அரிது. 'நாகரிகம்: அதன் காரணமும் மருந்தும்' என்னும் அவருடைய 1889-ஆம் ஆண்டு நூலைக் காந்தியடிகள் 1909-இல் எழுதிய 'இந்து சுயராஜ்யம்' நூலின் பிற்சேர்க்கையில் படிக்கத்தக்க நூல்களுள் ஒன்றாகக் குறித்துள்ளார்.

இவை பலவேறு ஆர்வங்கள் போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் இவற்றின் அடியில் ஒரே வினா இருப்பது புலனாகும். ஒருவர் உண்பது யார் உழைப்பில்? உடுப்பது யார் கையால்? அன்பு செலுத்துவது யார் அனுமதியோடு? இம்மூன்றையும் அவர் வெவ்வேறு வினாக்களாகக் கொள்ளவில்லை. தம் செருப்பைத் தாமே தைப்பவர் பிறர் உழைப்பின் மேல் நில்லாதவர். தம் துணையைத் தாமே தேர்பவர் பிறர் வகுத்த வேலிக்குள் நில்லாதவர். இரண்டும் ஒரே விடுதலையின் இரு முகங்கள் என்பது அவர் துணிபு.

துணையைத் தேர்தல்

1886-ஆம் ஆண்டில் சங்கத்தின் வழியே கார்ப்பெண்டருக்கு அறிமுகமானவர் ஜார்ஜ் ஹூக்கின் என்னும் இளைஞர். சவரக்கத்தி தீட்டும் தொழிலாளி. அவர்மீது கார்ப்பெண்டர் ஆழ்ந்த காதல் கொண்டார். ஆனால் ஹூக்கினின் மனம் ஃபேனி என்னும் பெண்ணை நாடியது. 1887-இல் அவர்கள் மணம் செய்துகொண்டனர். கார்ப்பெண்டர் பெரிதும் துயருற்றார் என்பதை அவர்தம் கடிதங்கள் காட்டுகின்றன. ஆயினும் நட்பு முறியவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் அவர் நண்பரானார். 1917-இல் ஹூக்கின் மறையும் வரை அவ்வுறவு நிலைத்தது. காதல் கைகூடாவிடத்துப் பகை கொள்ளாமை வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. ஒரே சங்கத்தில், ஒரே மேசையைச் சுற்றி, வாரந்தோறும் சந்தித்துக்கொண்டு அதனைக் கடைப்பிடிப்பது அரிது. அவ்வரிய செயலை அவர் செய்தார்.

1891-இல், இந்தியப் பயணம் முடித்துத் திரும்பிய சில காலத்தில், ரயில் பயணம் ஒன்றில் ஜார்ஜ் மெரில் என்பவரைக் கண்டார். மெரில் ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். முறையான கல்வி பெறாதவர். பலவகைச் சிறு வேலைகள் பார்த்தவர். பார்வையில் தொடங்கிய பழக்கம் உறவாக வளர்ந்தது. 1898-இல் மெரில் மில்த்தார்ப் வீட்டுக்கே குடிவந்தார். நண்பர் பலர் இதனைத் தடுக்க முயன்றனர். பெண் இல்லாத வீடு சீர்கெடும் என்றனர் சிலர். ஊர் தூற்றும் என்றனர் சிலர். கார்ப்பெண்டர் கேட்கவில்லை. மெரில் சமைத்தார், வீட்டைத் துப்புரவாக வைத்தார், பூச்செடி வளர்த்தார், வந்த விருந்தினருக்குப் பாட்டும் பாடினார். தொழிலாளரும், எழுத்தாளரும், பெண்ணுரிமைப் போராளியரும் அவ்வீட்டை நாடி வந்தவண்ணம் இருந்தனர்.

சமூகம் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து கிடக்கையில், அவ்வேலியைத் தாண்டிச் செல்லும் ஆற்றல் காதலுக்கு உண்டு. சிறப்பாகத் தம் போன்றோரின் காதல் கற்றவரையும் கல்லாதவரையும், செல்வரையும் தொழிலாளியையும் இணைப்பதால் அது மக்களாட்சிக்கு ஒரு பாலமாகும் என்று அவர் வாதிட்டார். துணையைத் தேரும்போது குலமும் செல்வமும் நோக்காமை அவருக்கு அரசியல் செயலாகவே இருந்தது. ஆண் பெண் உறவைப் பற்றியும் அவர் இவ்வாறே எண்ணினார். பெண் பொருளியல் உரிமை பெறாத வரை திருமணம் உடைமை உறவாகவே இருக்கும் என்பதையும், சிறார்க்குப் பாலறிவு மறைக்கப்படலாகாது என்பதையும் 1896-இல் வெளிவந்த 'காதல் பருவமெய்துதல்' என்னும் நூலில் வற்புறுத்தினார்.

சட்டத்தின் நிழல்

1885-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் திருத்தச் சட்டத்தில், லபூஷேர் என்னும் உறுப்பினர் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தார். ஆண்களுக்கிடையே 'பெரும் ஒழுக்கக்கேடு' எனக் கருதப்படும் செயல், பொது இடத்திலாயினும் தனியிடத்திலாயினும், இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது என்றது அப்பிரிவு. மூடிய கதவுக்குள்ளும் சட்டம் நுழைந்தது. மிரட்டிப் பணம் பறிப்போருக்கு அது நல்ல கருவியாயிற்று என்பதைக் கார்ப்பெண்டர் எடுத்துக்காட்டினார்.

1895-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன்பால் காதலைப் பற்றிய சிறுநூல் ஒன்றை அவர் மான்செஸ்டரில் அச்சிட்டார். கடைக்கு அனுப்பாமல் தனிச்சுற்றாகவே வழங்கினார். இக்காதல் நோயன்று, குற்றமன்று. பிற காதலை அளக்கும் அளவுகோலாலேயே இதனையும் அளத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. சில திங்களில் ஆஸ்கார் வைல்டு வழக்கு மூண்டது. மே 25-ஆம் நாள் வைல்டுக்கு அப்பிரிவின்கீழ் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அச்சம் நாடெங்கும் பரவிற்று. கார்ப்பெண்டரின் பதிப்பாளர் ஃபிஷர் அன்வின், ஒப்புக்கொண்டிருந்த 'காதல் பருவமெய்துதல்' நூலைக் கைவிட்டார். மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகமே அதனை வெளியிட்டது; அப்போதும் தன்பால் காதல் பற்றிய பகுதி அதில் இடம்பெறவில்லை.

அப்பகுதி பொதுமக்கள் கைக்குச் செல்லப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. இடையே 1902-இல், பல நாட்டு இலக்கியங்களிலிருந்தும் நட்பைப் பாடும் பகுதிகளைத் திரட்டி 'அயோலாஸ்' என்னும் தொகைநூலை வெளியிட்டார். நேராகச் சொல்ல இயலாததைப் பழைய நூல்களின் வாயிலாகச் சொன்ன உத்தி அது. 1908-இல் 'இடைப்பாலினம்' என்னும் நூல் வெளிப்படையாகவே வந்தது. மறு ஆண்டே அவருக்கு எதிரான துண்டுநூல் ஒன்று அவர் வாழ்ந்த வட்டாரத்தில் பரப்பப்பட்டது. பொதுவுடைமையும் இழிவும் ஒன்றே என்று பழித்தது அது. எதிரியும் அவர் காதலையும் அரசியலையும் பிரித்துக் காணவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பழி பரவியும் ஊர் அவரைத் துரத்தவில்லை. காய்கறி விற்றும் செருப்புத் தைத்தும் கால் நூற்றாண்டு உடன் வாழ்ந்தவரை ஊரார் துண்டுத்தாளைக் கொண்டு அளக்கவில்லை போலும்.

அந்நூலைப் படித்த இளைஞர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினர். பின்னாளில் போர்க்கவிஞராகப் புகழ்பெற்ற சீக்ஃப்ரீடு சசூன் 1911-இல் எழுதியவர்களுள் ஒருவர். 1913-இல் மில்த்தார்ப் சென்ற நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர், அங்கே கார்ப்பெண்டரும் மெரிலும் வாழ்ந்த வாழ்வைக் கண்டு 'மாரிஸ்' என்னும் நாவலை எழுதத் தொடங்கினார். இரண்டு ஆண்களின் காதல் மகிழ்ச்சியாக முடியும் கதை அது. ஃபார்ஸ்டர் மறைந்த பின்னர், 1971-இல்தான் அது அச்சேறியது.

1916-இல் வெளிவந்த 'என் நாள்களும் கனவுகளும்' என்னும் தன்வரலாற்றில் மெரிலின் பெயர், பிறப்பு, குணம், வீட்டை அவர் நடத்திய பாங்கு ஆகிய யாவும் பேசப்படுகின்றன. காதலர் என்னும் சொல் இல்லை. துணை என்னும் உண்மை ஒளிக்கப்படவும் இல்லை. 1895-இல் தனிச்சுற்றாக மட்டுமே வெளிவரக்கூடியதாக இருந்தது, இருபத்தோராண்டில் ஒரு மனிதரின் பெயரோடு அச்சில் வந்தது. அப்பெயரை அச்சிட்டதே அவர் ஆற்றிய அரசியல் செயல்களுள் தலையாயது எனலாம்.

குருநாகலில் ஒரு தமிழ் ஆசான்

கேம்பிரிட்ஜில் கார்ப்பெண்டருக்கு நண்பரானவர் இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம். திறந்த தேர்வின் வழியே இலங்கை ஆட்சிப் பணியிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. பகவத்கீதையின் மொழிபெயர்ப்பைக் கார்ப்பெண்டருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. 'மக்களாட்சியை நோக்கி' உருவான காலத்தை ஒட்டியது அவ்வாசிப்பு. 1890-ஆம் ஆண்டின் இறுதியில் கார்ப்பெண்டர் இலங்கை வந்தார். அப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதியாக இருந்தார். அங்கே இலக்கணம் இராமசுவாமி என்னும் தமிழ் ஞானியிடம் கார்ப்பெண்டர் சில வாரம் நாள்தோறும் சென்று பாடம் கேட்டார். எண்ணத்தை அடக்கி, எண்ணத்தின் அப்பாலுள்ள அறிவில் நிற்கும் முறையையும், எவ்வுயிரிடத்தும் வேற்றுமை காணாத சமநோக்கையும் அவர் கற்பித்தார். இச்சமநோக்கே மக்களாட்சியின் வேர் என்று கார்ப்பெண்டர் உணர்ந்தார். 1892-இல் வெளிவந்த 'ஆதம் மலையிலிருந்து எலிபெண்டா வரை' என்னும் பயண நூலில் இவ்வாசானைப் பற்றிய நான்கு இயல்கள் உள்ளன. தென்னிந்தியக் கோயில்களும், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரும் அந்நூலில் இடம்பெறுகின்றனர்.

நட்பு ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. அருணாசலம் 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். அதே காலத்தில் தொழிலாளர் நலச் சங்கத்தையும் தோற்றுவித்தார். 1924-இல் அவர் மறைந்தபின், அவர் எழுதிய ஞானக் கடிதங்களைத் தொகுத்து 1927-இல் 'கிழக்கிலிருந்து ஒளி' என்னும் பெயரில் வெளியிட்டவர் கார்ப்பெண்டரே. ஐம்பதாண்டு நட்புக்கு எண்பது வயது கடந்த நண்பர் செலுத்திய கடன் அது.

குறைகளும் உள

கார்ப்பெண்டரைப் போற்றுவோர் அவர்தம் குறைகளையும் காணல் வேண்டும். வகுப்பைக் கடந்த காதல் என்று அவர் எழுதினாலும், மில்த்தார்ப் வீட்டில் நூல் எழுதியவர் ஒருவர், அடுப்பை மூட்டியவர் மற்றொருவர். வீடும் வருவாயும் கார்ப்பெண்டருடையவை. மெரிலிடம் இருந்தது உழைப்பே. பெண்ணுரிமைக்கு உழைத்தவர், ஆணின் இயல்பு இது, பெண்ணின் இயல்பு இது என்று பொதுவாக வரையறுத்து எழுதிய இடங்களும் உண்டு. ஆணுடலில் பெண்ணுள்ளம் என்னும் அக்காலக் கோட்பாட்டைச் சார்ந்தே 'இடைப்பாலினம்' எழுதப்பட்டது. இன்றைய அறிவியல் அதனை ஏற்பதில்லை. தந்தை வைத்த செல்வமும், நகருக்கு ஒதுங்கிய சிற்றூரும், கற்றறிந்த நண்பர் கூட்டமும் அவருக்கு அரணாக இருந்தன. அவ்வரண் இல்லாத ஏழைத் தொழிலாளி ஒருவர் அவரைப் போல வாழ்ந்திருக்க இயலுமா என்னும் வினாவுக்கு விடை எளிதன்று. மெரிலே அவ்வரணின் நிழலில்தான் காக்கப்பெற்றார்.

இக்குறைகள் அவருடைய கருத்தை வீழ்த்துவன அல்ல. அதனை முழுமையாக்க வேண்டிய கடமையைப் பின்வந்தோர்க்கு விட்டுச்செல்வன.

பின்வந்த காலம்

1924-இல் கார்ப்பெண்டரின் எண்பதாம் பிறந்தநாளில் அன்றைய தொழிற்கட்சி அமைச்சர்கள் கையெழுத்திட்ட வாழ்த்துமடல் அவருக்கு வழங்கப்பட்டது. அவர்களது நாட்டில் லபூஷேர் பிரிவு அப்போதும் நடைமுறையில் இருந்தது. மெரில் 1928-இல் மறைந்தார். கார்ப்பெண்டர் 1929-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் மறைந்தார். கில்ஃபோர்டு நகர இடுகாட்டில் இருவரும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர்.

இங்கிலாந்து 1967-இல் தனியிடத்துத் தன்பால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து ஒரு வரம்புக்குள் நீக்கிற்று. இந்தியாவில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 377-ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொப்பிய உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கார்ப்பெண்டர் ஞானம் கேட்ட இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையில், பொது இடத்திலாயினும் தனியிடத்திலாயினும் என்னும் அதே சொற்களைக் கொண்ட 365அ பிரிவு புகுந்தது. அதனை நீக்கும் முன்வரைவு அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது.

பெயர் பற்றிய செய்தி ஒன்றும் தமிழுக்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை அடுத்து, இத்தகையோரைக் குறிக்க இழிவற்ற சொற்கள் அடங்கிய பட்டியலொன்றைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. பல்லாண்டுக் காலம் வசையால் மட்டுமே குறிக்கப்பட்டோர்க்குத் தமிழில் பெயர் கிடைத்தது. சொல்லாக்கம் தமிழறிஞர்க்குப் பழகிய பணி. மாந்தரின் மதிப்போடு தொடர்புடைய சொல்லாக்கம் அதனினும் பொறுப்பு மிக்கது.

தம் துணைவரோடு உண்டு, உழைத்து, விருந்தோம்பி வாழ்ந்த வாழ்வையே தம் வாதமாக்கியவர் கார்ப்பெண்டர். அகத்தில் ஓர் ஒழுக்கம், புறத்தில் ஓர் ஒழுக்கம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் சுட்டாமை புலவர் விரும்பி மேற்கொள்ளும் நெறியாக இருக்கலாம்; எவர்மீதும் சுமத்தப்படும் தண்டனையாக இருத்தலாகாது. இலக்கியம் பயில்வோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும் என்பதே கார்ப்பெண்டரின் வாழ்வு உணர்த்தும் பாடம்.